எல்லையிலேயே ஒட்டிக்கிட்டு ஓடுற அலை: கிரவுண்ட் வேவும் சர்ஃபேஸ் பிளாஸ்மானும் ஒண்ணா?

கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். ஒளி ஒரு பொருள்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது கொஞ்சம் எதிரொளிக்கும், மிச்சம் விலகி உள்ள போகும்னுதான் ஸ்கூல்ல படிச்சோம், அப்புறம் எப்படி அந்த எல்லையிலேயே ஒட்டிக்கிட்டு ஒரு அலை ஓட முடியும், ரேடியோக்காரங்க சொல்ற கிரவுண்ட் வேவும் (தரையோட தரையா போற ரேடியோ அலை) நானோ ஆராய்ச்சி ஆளுங்க சொல்ற சர்ஃபேஸ் பிளாஸ்மானும் (உலோகத்தோட மேற்பரப்புல எலக்ட்ரானோட சேர்ந்து ஓடுற ஒளி அலை) ஒரே சமாச்சாரமா, அப்படி ஒண்ணு நெசமா இருந்தா ஒளியிலேயே வேலை செய்யுற சிப் ஏன் இன்னும் கடைக்கு வரல. இதுதான் கேட்டிருக்கீங்க.

ஓட முடியும். ரெண்டுக்கும் அடியில ஒரே சமன்பாடுதான் இருக்கு. ஆனா அதுல ஒண்ணுதான் எல்லைய கெட்டியா பிடிச்சுக்குது, இன்னொண்ணு அப்படி ஒட்டுதா இல்லையான்னு பெரிய பெரிய ஆளுங்க முப்பது வருஷம் சண்டை போட்டிருக்காங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எல்லையில என்ன நடக்குதுன்னு பார்ப்போம். மின்காந்தத்தோட அடிப்படை விதிகளான மேக்ஸ்வெல் சமன்பாடுகள் எல்லையில ரெண்டு மூணு கண்டிஷன் போடும், நமக்கு வேண்டியது ஒண்ணுதான்: எல்லைக்குச் செங்குத்தா இருக்கிற மின்புலத்த அந்தந்தப் பக்கத்து விடுதிறனால (எப்சிலான்னு சொல்லுவோமே, ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு பதில் சொல்லுதுங்கிற எண், அதுதான்) பெருக்கினா ரெண்டு பக்கமும் ஒரே விடை வரணும். இப்ப எல்லை நெடுக பிளஸ் சார்ஜ், மைனஸ் சார்ஜ், பிளஸ், மைனஸ்னு மாறி மாறி திட்டுத்திட்டா நிக்குதுன்னு வச்சுக்கோங்க. ஒரு பிளஸ் திட்டுல இருந்து கிளம்புற புலக்கோடு மேல் பக்கம் மேல் நோக்கிப் போகும், கீழ்ப் பக்கம் கீழ் நோக்கிப் போகும், அதாவது எல்லையத் தாண்டும்போது செங்குத்துப் புலத்தோட திசை தலைகீழாகுது. திசை தலைகீழானாலும் பெருக்கி வர்ற விடை மாறக்கூடாதுன்னா எப்சிலானும் குறி மாறியாகணும், ஒரு பக்கம் பிளஸ்னா மறுபக்கம் மைனஸ். அவ்வளவுதான் விஷயம். ஒரு எல்லை அலையப் பிடிச்சு வச்சுக்கணும்னா ரெண்டு பக்கத்துப் பொருளும் மின்புலத்துக்கு எதிரெதிரா பதில் சொல்லணும். மின்புலம் எந்தத் திசையில ஆடுதுங்கிறதத்தான் போலரைசேஷன்னு சொல்றோம், அது எல்லைக்குப் படுக்கையா மட்டும் இருக்கிற போலரைசேஷன்ல இந்த சார்ஜ் திட்டே உருவாகாது, அதனால சாதாரண பொருள்கள்ல அந்த வகைக்கு இந்த ஆட்டத்துல இடமே இல்ல.

எப்சிலான் மைனஸ்னா என்னய்யா, அதெப்படி இருக்கும்னு தோணும். ஒரு கயித்துல கல்லக் கட்டித் தொங்கவிட்டு, மேல் முனைய கையில பிடிச்சு வலமும் இடமுமா வேகமா ஆட்டிப் பாருங்க, கை வலப்பக்கம் போகும்போது கல்லு இடப்பக்கம் போகும். மெதுவா ஆட்டினா கையோடயே வரும், அதோட சொந்த வேகத்துக்கு மேல ஆட்டினா எதிர்ப்பக்கம். உலோகத்துல இருக்கிற எலக்ட்ரான் எதுலயும் கட்டிப்போடாம சும்மா திரியுது, அதனால அதுக்குச் சொந்த அதிர்வெண் பூஜ்யம், எந்த வேகத்துல ஆட்டினாலும் அது எதிர்ப்பக்கம்தான். அந்தக் கோஷ்டியோட பதில்தான் மைனஸ் எப்சிலான். எலக்ட்ரான் கூட்டம் தானா சேர்ந்து அதிர்ற பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கு மேல போனா எலக்ட்ரானால புலத்த அடக்க முடியாது, எப்சிலான் மறுபடி பிளஸ் ஆயிடும். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் சிவப்பு ஒளியில நல்ல மைனஸ் இருக்கு: 633 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசருக்கு வெள்ளி சுமார் மைனஸ் 18, தங்கம் சுமார் மைனஸ் 12.

இப்ப அந்தச் சமன்பாடு. ரெண்டு எப்சிலானையும் பெருக்குங்க, அத ரெண்டோட கூட்டுத்தொகையால வகுங்க, வர்க்கமூலம் எடுங்க. எல்லை நெடுக அந்த அலை, வெற்றிடத்துல போற ஒளியோட ஒப்பிட்டா, எத்தனை மடங்கு நெருக்கமா மடிஞ்சு ஓடுதுங்கிற எண் அது. என்னைக் கேட்டா இந்த மொத்த சப்ஜெக்ட்லயே ரசிக்க வேண்டிய இடம் இதுதான், பல புத்தகத்துல இதத் தனித்தனி அத்தியாயமா பிரிச்சுப் போட்டு சுவையக் கெடுத்துடறாங்க. காத்து ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்னு போடுங்க, ரெண்டும் பிளஸ், எண் ஒண்ணுக்குக் கீழ வரும், ஆர்க்சைன் எடுத்தா 56 டிகிரி சொச்சம். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? புரூஸ்டர் கோணம்! 1815-ல டேவிட் புரூஸ்டர் சொன்ன, மின்புலத்துக்குச் செங்குத்துப் பாகமும் இருக்கிற போலரைசேஷன்ல எதிரொளிப்பே இல்லாம முழுசா உள்ள போயிடுற கோணம். கண்ணாடிக்குப் பதிலா வெள்ளியோட மைனஸ் 18-ஐப் போடுங்க, எண் ஒண்ணுக்கு மேல போகும், அது சர்ஃபேஸ் பிளாஸ்மான். வெள்ளிக்குப் பதிலா ஈர மண்ணோ கடல் தண்ணியோ போடுங்க, அதுங்களுக்கு ரேடியோ அதிர்வெண்ல எப்சிலானோட பெரும்பகுதி கற்பனை எண், ஏன்னா மின்சாரம் பாஞ்சு சூடா வீணாகுது, அப்ப வர்ற விடைக்கு ஜென்னெக் அலைன்னு பேரு. எதிரொளிப்பே இல்லாம ரெண்டு பக்கமும் பொருந்திப்போற நிலை எதுன்னு கேக்கறோம், கணக்கு மூணு பொருளுக்கு மூணு விதமா பதில் சொல்லுது.

அந்த எண் ஒண்ணுக்கு மேலயா கீழயாங்கிறதுலதான் ஒட்டுறதும் ஒட்டாததும் இருக்கு. ஒண்ணுக்கு மேலன்னா அலை ஒளிய விட மெதுவா எல்லையில ஊருது, காத்துல கிளம்பிப் போற எந்த ஒளியும் அந்த வேகத்துல அதோட ஜோடி சேராது, தப்பிக்க வழி இல்லாம ஒட்டிக்கும். வெள்ளிக்குக் கணக்குப் போட்டா எண் 1.03 வரும், அதாவது 633 நானோமீட்டர் ஒளி எல்லையில 615 நானோமீட்டரா சுருங்கி ஓடும். காத்துப் பக்கம் சுமார் 400 நானோமீட்டர்ல புலம் மூணுல ஒரு பங்கா குறையும், வெள்ளிக்குள்ள 23 நானோமீட்டர்லயே குறைஞ்சிடும். எல்லை நெடுக எவ்வளவு தூரம் ஓடும்? வெள்ளியில 60 மைக்ரோமீட்டர் பக்கம், தங்கத்துல வெறும் 10. நம்ம தலைமுடியோட கனமே 50லேர்ந்து 100 மைக்ரோமீட்டர் இருக்கும்! இந்த 60, 10-ஐ மனசுல வச்சுக்கோங்க, கடைசியில சிப் விஷயத்துல வேலைக்கு வரும்.

ஒட்டிக்கிட்டது வெளிய தப்பிக்க முடியாதுன்னா, வெளிய இருக்கிறதும் உள்ள வந்து ஒட்ட முடியாதுன்னு அர்த்தம். வழவழன்னு இருக்கிற வெள்ளித் தகட்டுல எந்தக் கோணத்துல டார்ச் அடிச்சாலும் பிளாஸ்மான் கிளம்பாது, எல்லை நெடுக வேண்டிய உந்தம் காத்துல வர்ற ஒளிகிட்ட இல்ல. கோடு கோடா கீறின கிரேட்டிங்ல அடிச்சா அந்தக் கீறல் குறையுற உந்தத்த ஈடுகட்டும். 1902-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ராபர்ட் வுட் உலோக கிரேட்டிங்ல ஒளியப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப ஸ்பெக்ட்ரம்ல சில இடத்துல திடீர்னு இருட்டுப் பட்டை, பளிச்சுனு வெளிச்சப் பட்டைன்னு வந்துச்சு, அதுவும் ஒரு போலரைசேஷன்ல மட்டும். யாருக்கும் புரியல, வுட் அனாமலின்னு பேர் மட்டும் நின்னுடுச்சு. உலோகத்தோட மேற்பரப்புல ஒட்டி ஓடுற அலைதான் காரணம்னு 1941-ல யூகோ ஃபானோ சொன்னாரு. மெல்லிய உலோகப் படலத்துல எலக்ட்ரான் கூட்டம் மேற்பரப்புல சேர்ந்து அதிரும்னு 1957-ல அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல இருந்த ரூஃபஸ் ரிச்சி கணக்குப் போட்டுக் காட்டினதுக்கப்புறம்தான் இது தனி சப்ஜெக்டாவே ஆச்சு.

அப்புறம் 1968, பிரிசம் தந்திரம். கண்ணாடிக்குள்ள ஒளி மெதுவா போகுது, அதனால அங்க அதுக்கு உந்தம் அதிகம். மாறுநிலைக் கோணத்துக்கு மேல விழுந்தா முழு அக எதிரொளிப்பு நடக்கும்னு படிச்சிருப்போம், ஆனா "முழு"ன்னு சொன்னாலும் எல்லைக்கு அந்தப்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு ஒரு புலம் எட்டிப் பார்க்கும், அதுக்கு எவனசென்ட் அலைன்னு பேரு. இதையும் சர்ஃபேஸ் வேவ்னு எழுதறவங்க உண்டு, எனக்கு அதுல சம்மதம் இல்ல, மேலேருந்து ஒளி விழுந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் அது இருக்கும், சொந்தக் கால்ல நிக்காது. ஆனா அது நெசம்தான், ரெண்டாவது பிரிசத்த ரொம்பப் பக்கத்துல கொண்டுபோனா ஒளி இடைவெளியத் தாண்டிக் குதிச்சிடும். கல்கத்தா பிரசிடென்சி காலேஜ்ல ஜகதீஷ் சந்திர போஸ் இதையே மைக்ரோவேவ்ல செஞ்சு, காத்து இடைவெளி எவ்வளவு கனமா இருந்தா எவ்வளவு தாண்டுதுன்னு அளந்து 1897-ல வெளியிட்டாரு. சரி, 1968-க்கு வர்றேன். ஆண்ட்ரியாஸ் ஓட்டோ பிரிசத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல துளி இடைவெளி விட்டு, அந்த எட்டிப் பார்க்கிற புலத்தால உலோகத்தத் தொட்டாரு. அதே வருஷம் கிரெட்ஷ்மானும் ரேதரும் இன்னும் சுலபமா, பிரிசத்து மேலயே மெல்லிய உலோகப் படலத்தப் பூசி, கண்ணாடிப் பக்கத்துல இருந்து ஒளிய அடிச்சு படலத்தோட மறுபக்கத்து எல்லையில பிளாஸ்மானைக் கிளப்பினாங்க. சாதாரண கண்ணாடியில 50 நானோமீட்டர் தங்கம் பூசி சிவப்பு லேசர் அடிச்சுக்கிட்டே கோணத்தத் திருப்பினா, மாறுநிலைக் கோணம் 41 டிகிரி தாண்டி பளபளன்னு எதிரொளிச்சுக்கிட்டு இருந்தது 44 டிகிரி பக்கம் வந்ததும் சட்டுனு இருண்டு போகும், ஒளி முழுக்க எல்லையில இறங்கி தங்கத்துலயே சூடாப் போயிடுது.

இந்த இருட்டுக் கோணம் தங்கத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குங்கிறதப் பொறுத்து மாறும், அங்கதான் காசு இருக்கு. காத்துக்குப் பதிலா தண்ணி வச்சா 44 டிகிரி 73 டிகிரி ஆயிடும். தங்கத்து மேல ஒரு ஆன்டிபாடிய ஒட்டி வச்சு, மேல ரத்த சீரத்த ஓட்டினா, தேடுற புரதம் வந்து ஒட்டும்போது சில நானோமீட்டர் படலம் சேரும், கோணம் ஒரு டிகிரியில சின்னப் பங்கு நகரும், அது போதும் அளக்கறதுக்கு. சாயம் போட வேண்டாம், எவ்வளவு வேகமா ஒட்டுது, எவ்வளவு வேகமா பிரியுதுன்னு லைவ்வா பார்க்கலாம். சுவீடன்ல லின்ஷோப்பிங்ல லீட்பெரி, நிலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூணு பேரும் 1983-ல இத சென்சாரா காமிச்சாங்க, 1990-ல பயாகோர் மெஷினா விற்பனைக்கு வந்துச்சு, இன்னிக்கு மருந்துக் கம்பெனி லேப்ல சகஜம். கொரோனா காலத்துல வீட்டுல மூக்குல குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்த ரேபிட் டெஸ்ட் கிட்டுகள்ல நிறையா வகையில சிவப்புக் கோடு வந்ததும் தங்க நானோ துகளாலதான், ஆனா அங்க அலை எங்கயும் ஓடல, துகளுக்குள்ளயே எலக்ட்ரான் கூட்டம் ஆடுது. அது சித்தப்பா பையன் மாதிரி, கூடப்பிறந்தது இல்ல.

இப்ப ரேடியோ பக்கம், எனக்கு இதுதான் சுவாரசியமே. 1901 டிசம்பர்ல மார்க்கோனி கார்ன்வால்ல இருக்கிற போல்டுவுல இருந்து அனுப்பின சிக்னல நியூஃபவுண்ட்லாந்துல கேட்டேன்னு சொன்னாரு. பூமி உருண்டை, நடுவுல கடல் மலை மாதிரி புடைச்சு நிக்குது, அலை எப்படி வளைஞ்சு போச்சு? 1907-ல ஜொனாதன் ஜென்னெக் மேல சொன்ன சமன்பாட்டுல கடல் தண்ணியையும் மண்ணையும் போட்டு, பாருங்க எல்லைய ஒட்டி ஓடுற விடை வருதுன்னு காமிச்சாரு. 1909-ல ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் பூமி மேல செங்குத்தா நிக்கிற ஆன்டெனாவுல இருந்து அலை எப்படிப் பரவும்னு முழுக்கணக்கு போட்டாரு, அதுல ஜென்னெக் அலை ஒரு பாகமா எட்டிப் பார்த்துச்சு, எல்லாரும் கதை முடிஞ்சதுன்னு நினைச்சாங்க. முடியல. 1919-ல ஹெர்மன் வைல் வேற வழியில போட்டா அந்தப் பாகம் வரல. 1930-கள்ல கென்னத் நார்ட்டன் சோமர்ஃபெல்ட் கணக்குல குறி தப்புன்னு சொன்னாரு (அந்தத் தப்பு நெசமாவே அதுல இருந்துச்சா இல்லையான்னு 2000-க்கு அப்புறமும் பேப்பர் போட்டு வாதாடியிருக்காங்க, பாவம் அந்த மனுஷன்). 1937-ல சார்லஸ் பரோஸ் நியூயார்க் மாகாணத்து செனெகா ஏரி மேல 2 மீட்டர் அலைநீளத்துல அளந்து பார்த்தாரு, ஜென்னெக் பாகம் இருந்தா எவ்வளவு வரணுமோ அதுக்குக் கிட்டகூட சிக்னல் வரல.

ஏன்னு இப்ப உங்களாலயே சொல்ல முடியும். ஜென்னெக் அலையோட எண் ஒண்ணுக்குத் துளியூண்டு கீழ. ஒளிய விடக் கொஞ்சம் வேகமான அலை, புரூஸ்டர் பக்கத்துச் சொந்தம், கெட்டியா ஒட்டுற ஜாதி இல்ல. சமன்பாட்டுக்கு அது சரியான விடைதான், ஆனா சாதாரண செங்குத்துக் கம்பம் அதக் கிளப்பிவிடாது. அப்ப மார்க்கோனி சிக்னல் எப்படிப் போச்சுன்னா வானத்துல ரொம்ப உசரத்துல மின்னேற்றத்தோட இருக்கிற அயனி மண்டலத்துல பட்டுத்தான், 1902-லயே கென்னலியும் ஹெவிசைடும் அப்படி ஒரு அடுக்கு இருக்கணும்னு சொல்லிட்டாங்க, 1924-ல ஆப்பிள்டன் நிரூபிச்சாரு.

அப்ப கிரவுண்ட் வேவ்னு சொல்றதெல்லாம் பொய்யான்னா, இல்ல. அது தரையோட உதவியால போற அலை, ஒட்டிக்கிட்ட அலை இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ஆன்டெனாவுல இருந்து நேரா வர்றதும் தரையில பட்டு வர்றதும் தரையோட தரையா போகும்போது ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், மிஞ்சுறதுதான் நார்ட்டன் சொன்ன சர்ஃபேஸ் வேவ். தரை நல்ல கடத்தியா இருந்தா அந்த அடிச்சுக்கிறது ரொம்ப தூரம் தள்ளிப்போகும். 1 மெகாஹெர்ட்ஸ் மிடியம் வேவுக்குக் கணக்குப் போட்டா வறண்ட மண்ணுல ரெண்டு கிலோமீட்டர்லயே தேய்மானம் வேகம் எடுக்க ஆரம்பிக்கும், கடல் மேல அந்த எல்லை கணக்குக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல போகுது, அதுக்கு ரொம்ப முன்னாடியே பூமியோட வளைவு வந்து கெடுத்துடும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம், காரணம் வெறும் உப்பு. தூத்துக்குடி ஆகாசவாணி மிடியம் வேவ் பட்டப்பகல்லயே இலங்கையில கேக்குதுன்னா நடுவுல மன்னார் வளைகுடா இருக்கிறதாலதான், அதே பவர் அதே தூரம் உள்நாட்டுக் கரட்டு நிலத்து மேல போயிருந்தா இரைச்சல்தான் வரும். ராத்திரியில தூர ஸ்டேஷன் எல்லாம் கேக்கறது வேற கதை, அது அயனி மண்டலம். இதே உப்புத் தண்ணி உதவியில்தான் கல்பாக்கம், கடலூர் கரையில வச்சிருக்கிற ஹெச்எஃப் (ஷார்ட் வேவ் அதிர்வெண்) ரேடாரும் ஓடுது, சென்னையில இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோடது, அடிவானத்துக்கு அந்தப்பக்கம் கடல் மேற்பரப்பு நீரோட்டத்த அளக்கும்.

இன்னும் ஒண்ணு, திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்துல கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கு, 1990-ல ஆரம்பிச்சது, நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு விஎல்எஃப்ல, அதாவது ரொம்பக் கீழ் அதிர்வெண்ல, செய்தி அனுப்புற இடம். 18 கிலோஹெர்ட்ஸ் பக்கம்னு எடுத்துக்கிட்டா காத்துல அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல. அலை கடலுக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவுல, அதாவது ரெண்டு எல்லைக்கு நடுவுல படுக்கையா ஓடுது, ஓடும்போதே கடல் எல்லையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள கசியும். தண்ணிக்குள்ள அலைநீளம் 11 மீட்டரா சுருங்கிடும், திசையும் ஏறக்குறைய நேர் கீழ ஆயிடும், ஒவ்வொரு 1.8 மீட்டருக்கும் புலம் மூணுல ஒரு பங்கா குறையும். மிடியம் வேவ்ல இதே கணக்கு கால் மீட்டர்தான், அதனாலதான் நீர்மூழ்கிக்கு இவ்வளவு கீழ் அதிர்வெண்ணும் அவ்வளவு உசரக் கம்பமும். ஜென்னெக் காகிதத்துல வரைஞ்ச படம் கிட்டத்தட்ட இதுதான்.

ரேடியோ அதிர்வெண்ல செம்புத் தகட்டுல நல்லா ஒட்டுமான்னு அடுத்து கேப்பீங்க. 1 கிகாஹெர்ட்ஸ்ல செம்பு கிட்டத்தட்ட முழுக் கடத்தி, அலைய உள்ளயே விடாது, அதனால காத்துப் பக்கம் புலம் குறைய ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் ஆகும்னு கணக்கு வரும், அத ஒட்டறதுன்னு சொல்ல முடியாது. ஒட்ட வைக்கணும்னா மேற்பரப்பக் கெடுக்கணும். கம்பி மேல மெல்லிசா இன்சுலேஷன் பூசினா அலை அதச் சுத்தி ஒட்டி ஓடும், 1950-ல கியோர்க் கௌபாவ் செஞ்ச ஒத்தைக் கம்பி லைன் அதுதான், இழப்பு ரொம்பக் கம்மி, ஆனா மழை பெஞ்சாலும் கம்பிய வளைச்சாலும் அலை பிச்சிக்கிட்டுப் போயிடும். தகட்டுல அலைநீளத்த விடச் சின்னச் சின்னப் பள்ளமா வெட்டினாலும் ஒட்டும், ஆன்டெனா ஆளுங்களுக்கு 1940-கள்லயே தெரிஞ்சதுதான், 2004-ல ஜான் பென்ட்ரி குழு இதுக்குப் போலி பிளாஸ்மான் மாதிரி ஒரு கோட்பாடு குடுத்ததும் மறுபடி மவுசு வந்துச்சு. ரெண்டு பக்கமும் பிளஸ்ஸா இருந்தும் ஒட்டுற ஒரு வகை உண்டு, ஒரு பக்கம் திசைக்குத் திசை எப்சிலான் மாறுற படிகமா இருக்கணும், டியாகோனோவ் 1988-ல சொன்னது, பரிசோதனையில பார்க்கவே 2009 ஆச்சு. சில குறிப்பிட்ட திசையில மட்டும் வரும், அத இங்க விரிக்கல.

கடைசியா சிப். 60 மைக்ரோமீட்டர், 10 மைக்ரோமீட்டர்னு சொன்னேன்ல, அதுதான் பதில். அலைய எவ்வளவு இறுக்கமா எல்லையில அடைக்கிறீங்களோ அவ்வளவு பங்கு உலோகத்துக்குள்ள போகும், உள்ள போனது சூடாகும். தளர்த்தினா தூரம் போகும், ஆனா அப்ப சாதாரண சிலிக்கான் வேவ்கைடே (ஒளிய உள்ளயே அடைச்சு நடத்திக்கிட்டுப் போற பாதை) அந்த வேலைய ரொம்பக் கம்மியான இழப்போட செஞ்சிடும், அப்புறம் உலோகம் எதுக்கு? 2000-க்கு அப்புறம் பத்து வருஷம் பிளாஸ்மானிக் கம்ப்யூட்டர் வருது வருதுன்னு பேசினது இந்த இடத்துலதான் மாட்டிக்கிச்சு, நல்ல வெள்ளி, நல்ல பூச்சுன்னு மாத்தினாலும் அடிப்படை மாறாது. நான் பார்த்த வரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் உருப்படியா கடைக்கு வந்த ஒண்ணு ஹார்ட் டிஸ்க். 2024-ல சீகேட் அறிவிச்ச 30 டெராபைட் தாண்டுற டிரைவுங்கள்ல எழுதுற தலையில ஒரு குட்டி லேசர் இருக்கு, அதோட ஒளி தங்கம் சார்ந்த ஒரு முனையில பிளாஸ்மானா மாறி, லென்ஸால முடியாத அளவுக்கு சில பத்து நானோமீட்டருக்குள்ள குவிஞ்சு, தட்டுல அந்தப் புள்ளிய மட்டும் நூத்துக்கணக்கான டிகிரி சூடாக்குது, அங்க காந்தப் பிடிப்பு இளகின அந்தக் கணத்துக்குள்ள எழுதுற காந்தம் பிட்ட எழுதிடும், சில நானோசெகண்ட்ல ஆறிடும். தூரமா போக வேண்டிய அவசியமே இல்லாத, சூடாகறதே வேலையா இருக்கிற இடமாப் பார்த்து வச்சிருக்காங்க.